இருபத்தோரு தட்டு

பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது. பெட்டிக்குள் நீல விளக்கு எரிந்தது. சிதம்பரத்தில் இசைவாணி கட்டிய புது வீட்டின் கூடத்தில், கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்த நாற்பது ஐம்பது பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னக் கட்டம் மிதந்து வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

எழிலன் இன்னொரு தடவை அழுத்தினான். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை இருட்டாகவே கிடந்தது. முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று சொன்னான். மூன்றாவது தடவையும் அதையே சொன்னான். நாலாவது தடவை சொல்ல வாய் வரவில்லை.

இதே கம்ப்யூட்டர் நேற்று மத்தியானம் வரை கடலூர் புதுப்பாளையத்தில், அவன் வீட்டு டிவி மேசைமேல் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால், ஓடியதைப் பிரித்தது யார் என்று கேட்பார்கள். பிரித்தவன் அவன்தான். எதற்குப் பிரித்தான் என்று கேட்டால் அதுதான் வெட்கக்கேடு. தட்டு எண்ணிக்கைக்காகப் பிரித்தான்.

எழிலன் கடலூரில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் வேலை பார்ப்பவன். வீடு வீடாகப் போய் செட்டாப் பாக்ஸ் மாற்றுவான். வயர் என்றால் பயம் கிடையாது. அவன் அக்கா இசைவாணிக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஒரு கம்பெனிக்கு இன்சூரன்ஸ் பாரங்களைச் சரிபார்க்க வேண்டும். புதன்கிழமை ஆரம்பம், சொந்தமாகக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். அம்மா அப்பா இல்லாத வீட்டில் பிறந்த வீட்டுச் சீர் செய்ய வேண்டியவன் எழிலன்தான். கம்ப்யூட்டரையே சீராகக் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தான். கடையில் பூட்டிக் கொடுப்பதை வாங்க மனம் வரவில்லை. பாகம் பாகமாக வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தன் கையாலேயே பூட்டினான். முதல் அழுத்தலிலேயே திரை வெளிச்சமானபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி அனுப்பிரியாவைக் கூப்பிட்டுக் காட்டினான், எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான், காலையில் பால் ஊற்ற வந்தவரையும் விடவில்லை.

வினை தட்டில் வந்தது. சீர் என்றால் தட்டில்தான் போக வேண்டும். தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு பெண்கள் வரிசையாகத் தூக்கிப் போக வேண்டும். தட்டு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இதெல்லாம் ஊரறிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இசைவாணியின் பிள்ளைக்கும் அவள் ஓரகத்தியின் பிள்ளைக்கும் ஒரே பந்தலில் காது குத்தினார்கள். ஓரகத்தியின் பிறந்த வீட்டிலிருந்து இருபத்தோரு தட்டு வந்தது. எழிலன் ஒன்பது தட்டோடு போனான். இசைவாணியின் மாமியார் விருத்தாம்பாள் இரண்டு வரிசையையும் பார்த்துவிட்டு, "ஒம்போதும் நல்லாதான் இருக்கு, நவக்கிரகம் மாதிரி" என்றாள். பந்தலே சிரித்தது. இசைவாணி சிரிக்கவில்லை. அந்த முகம் எழிலனுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

இந்தத் தடவை பழம், இனிப்பு, வேட்டி சேலை, குத்துவிளக்கு, பாத்திரம் என்று எப்படி அடுக்கியும் பதினொன்றுக்கு மேல் போகவில்லை. கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, திரை ஒன்று. பதின்மூன்று. எழிலன் டிவி மேசையைப் பார்த்தபடியே விரலை மடக்கினான். மதர்போர்டு, ப்ராசசர், ராம், ஸ்டோரேஜ், ஃபேன், பவர் சப்ளை, வெறும் கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ். பத்து. பத்தும் பதினொன்றும் இருபத்தொன்று.

ஓடிக்கொண்டிருப்பதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று அனுப்பிரியா கேட்டாள். அங்கே போய் எல்லார் கண்ணெதிரிலும் பூட்டிக் காட்டினால்தான் மதிப்பு, பத்து நிமிஷ வேலை என்றான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவனுக்கு நினைப்பு. ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. ஆழம் தெரிந்து, நீந்திக் கரையேறி, தலை துவட்டிய பிறகு மறுபடி குதித்தவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். ஒவ்வொரு பாகத்தையும் பட்டுத்துணி விரித்த தட்டில் வைத்தான். பவர் சப்ளையிலிருந்து வயர்கள் கண்டபடி தொங்கி அழகைக் கெடுத்தன. கழற்ற முடிந்ததைக் கழற்றிவிட்டு, அதன்மேல் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் வந்து பிள்ளையார் கோயிலடியில் இறங்கிய பிறகுதான் அடுத்த சங்கடம் தெரிந்தது. தட்டு இருபத்தொன்று, தூக்கப் பெண்கள் இருபது பேர். கீரப்பாளையத்திலிருந்து நேராக அங்கே வந்திருந்த சின்னம்மாள் மட்டும் வேனுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். எழிலனின் அம்மாவுக்குத் தங்கை. புருஷன் போய் ஒன்பது வருஷமாகிறது. அதிலிருந்து எந்த விசேஷத்திலும் அவள் இடம் பந்தலின் கடைசி நாற்காலிதான்.

எழிலன் மிகச் சின்னத் தட்டை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம்பா. நல்ல காரியம். வேற யாருகிட்டயாவது குடு."

"அதெல்லாம் இப்ப யாரு சித்தி பாக்கறாங்க? புடி."

நல்ல வார்த்தைதான். மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். ஆனால் வேனில் இன்னொரு சுமங்கலி இருந்திருந்தால் எழிலனுக்கு அந்த முற்போக்கு வந்திருக்காது. அவள் கையைத் துடைத்துத் துடைத்துத் தட்டை வாங்கினாள். சிவப்புத் துணிமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ப்ராசசர். இதுதான் கம்ப்யூட்டருக்கு மூளை, பத்திரம் என்று சொல்லிவிட்டான். போதாதா? மேளம் ஒரு பக்கம் கொட்ட, வரிசையில் எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க, சின்னம்மாள் மட்டும் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், விளிம்பு வரை பால் நிறைந்த பாத்திரத்தைத் தூக்குகிறவள் மாதிரி நடந்தாள்.

வாசலில் விருத்தாம்பாள் தட்டுகளை எண்ணினாள். உதடு அசைவதை எழிலன் பார்த்துக்கொண்டே வந்தான். இருபத்தொன்றில் நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எழிலனுக்கு அவள் சும்மா இருந்ததே மாலை போட்ட மாதிரி இருந்தது. இசைவாணி தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு முக்கால் மணி நேரம்.

பூட்ட உட்கார்ந்தபோது ப்ராசசரைத்தான் முதலில் பார்த்தான். அதன் அடியில் ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கில் கால்கள் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போச்சு. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒன்றுகூட வளையவில்லை. குங்குமம் படவில்லை, ஈரம் படவில்லை. அதை உட்கார்த்தி, ஒவ்வொன்றாகப் பூட்டி, பொத்தானை அழுத்தினான். அப்புறம்தான் இந்தக் கூத்து.

ராமைக் கழற்றி, அக்கா பிள்ளையின் அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். மானிட்டர் வயரை மாற்றினான். பிளக்கை வேறு சுவரில் சொருகினான். மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி, நூறு வரை எண்ணித் திரும்பப் போட்டான். கூட்டத்தில் யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருவர் இன்வெர்ட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒருவர் தெற்குப் பார்த்து வைத்தது தப்பு என்றார். சட்டை முதுகோடு ஒட்டியது. மேளக்காரர்கள்கூட சாப்பாட்டை விட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இசைவாணியின் புருஷன் வைத்திலிங்கம் நல்ல மனுஷன். பக்கத்தில் வந்து குந்தி, மெதுவாகத்தான் கேட்டார்.

"எது போயிருக்கும்னு தெரிதா மச்சான்?"

"ப்ராசசர்தான் மாமா. மத்ததெல்லாம் பாத்துட்டேன்."

"அது எப்படிப் போவும்? வூட்ல ஓடிச்சுன்னியே."

கூடம் பதிலுக்குக் காத்திருந்தது. விருத்தாம்பாளும் காத்திருந்தாள். எழிலனுக்கு அந்தப் பந்தல் சிரிப்பு காதில் கேட்டது.

"சித்திதான் அந்தத் தட்டத் தூக்கிட்டு வந்துச்சு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கீழே போட்டாள் என்று சொல்லவில்லை. சொல்லாததை மற்றவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். அவர்களும் ஏமாற்றவில்லை. "அதான் பாத்தேன்" என்றாள் விருத்தாம்பாள். "யாரு கைல எதக் குடுக்கறதுன்னு ஒரு இது வேணாமா?"

சின்னம்மாள் நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தாள். "நான் கீழ போடலியேப்பா" என்றாள். மற்ற யாரையும் பார்க்காமல் எழிலனைப் பார்த்துத்தான் சொன்னாள். எழிலன் ஏதோ ஸ்குரூவைத் தேடுகிற மாதிரி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தை விட்டுவிட்டு வாசலில் நின்றவளைச் சொன்னான்.

பந்தியில் அவளைத் தேடியபோது காணவில்லை. சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள்.

மறுநாள் கடலூரில், போனுக்குச் சார்ஜ் போடலாம் என்று பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து சார்ஜரை இழுத்தான். கூடவே இன்னொரு வயரும் வந்தது. தடித்த கறுப்பு வயர், முனையில் எட்டு ஓட்டை. பார்த்த அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பவர் சப்ளையிலிருந்து ப்ராசசருக்கென்று தனியாகக் கரண்டு கொண்டுபோகிற வயர். அது இல்லாவிட்டால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் வராது. தட்டை விட்டு வெளியே தொங்கி அழகைக் கெடுக்கிறது என்று சனிக்கிழமை அவனே பிடுங்கிப் பைக்குள் திணித்தது. பூட்டிய அவசரத்தில், ஐம்பது பேர் கண்ணுக்கு நடுவில், அது ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

என்ன வயர் என்று அனுப்பிரியா கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். முகம் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றான். நெற்றியிலிருந்து கழுத்துவரை சுட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் எந்தெந்த இடம் என்று அவனுக்கு இப்போது விலாசத்தோடு தெரிந்தது.

தெரிந்து என்ன செய்தான்? செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினான். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். 'புது ப்ராசசர் வாங்கிட்டு வந்துட்டேன்.' கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. அவனுக்கு ஒரு நாள் போதும். புதன்கிழமை அக்கா வேலையை ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்?

அறையில் யாரும் வேண்டாம், தூசி ஆகாது என்று எல்லாரையும் வெளியே அனுப்பினான். வயரைச் சொருக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். திரை வெளிச்சமானது. கதவைத் திறந்ததும் இசைவாணி ஓடி வந்து பார்த்து அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள், சந்தோஷத்தில். விருத்தாம்பாள் தன் கையாலேயே காபி கொண்டுவந்தாள். புது மூளை வைத்தாயா என்று கேட்டாள். ஆமா அத்தை என்றான்.

"பாத்தியா? மாத்துன ஒடனே ஓடுது பாரு. சில பேரு கை அப்படி."

எழிலன் காபியைக் குடித்தான். இது இரண்டாவது தடவை. முதல் தடவை வாய் தவறி வந்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, சரியாக இருக்கிறது என்று பதில் வேறு சொன்னான்.

கிளம்பும்போது இசைவாணி ஒரு பையைக் கொடுத்தாள். சித்தி ரெண்டு நாளாகப் போனை எடுக்கவில்லையாம். சாப்பிடாமல் போனவளுக்குத் தாம்பூலம்கூடத் தரவில்லை, கீரப்பாளையம் போய்க் கொடுத்துவிட்டு ஊருக்குப் போ என்றாள். பைக்குள் ஒரு தட்டு, அதில் வாழைப்பழம், லட்டு, ஒரு சேலை. எழிலன் தட்டைப் பார்த்தான். ப்ராசசர் வந்த அதே சின்னத் தட்டு. அக்கா தெரிந்து எடுக்கவில்லை, அடுக்கில் மேலே இருந்ததை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டி கண்ணெதிரே நின்றது. அதை விட்டுவிட்டுப் புவனகிரி வண்டியில் ஏறிக் கீரப்பாளையத்தில் இறங்கினான்.

சின்னம்மாள் கோபமாக இருப்பாள் என்று நினைத்துப் போனான். அவள் வாசலுக்கு வந்து "வா சாமி" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அடுப்பில் டீயை வைத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்.

"கம்ப்யூட்டரு ஓடுதா?"

"ஓடுது சித்தி."

"அப்பாடி. எங்க இசைவாணிக்கு வேல போயிடுமோன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. போன எடுத்தா என்னா சொல்லுமோன்னு எடுக்கவும் பயம்." அவள் டம்ளரை அலசியபடியே சொன்னாள். "தப்பு எம்மேலதான். ஒங்க சித்தப்பா போனப்பறம் நான் எதுலயும் கை வக்கறதில்ல. நீ புடின்னு சொன்னியா, எனக்கும் ஆச வந்துடுச்சு."

எழிலனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். வயரைப் பிடுங்கியது, பைக்குள் கிடந்தது, இன்று போய்ச் சொருகியது, புது ப்ராசசர் என்று புளுகியது. அவள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துச் சிரித்தாள்.

"எம் மனசு நோவக்கூடாதுன்னு சொல்ற. சின்ன வயசுலேர்ந்தே நீ அப்படித்தான், நல்ல புள்ள. எனக்கு ஒண்ணும் இல்லப்பா, டீயக் குடி."

பொய்யைச் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை, அதுவும் யார் நம்ப வேண்டுமோ அவளே நம்பவில்லை. எழிலன் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். அத்தையைப் பக்கத்தில் கூப்பிடு, ஸ்பீக்கரில் போடு என்றான். தன் பக்கமும் ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் மறுபடி சொன்னான்.  பிறகு விருத்தாம்பாளின் குரல் வந்தது.

"அப்ப புது மூளன்னு சொன்னது?"

"பொய்யி அத்த."

"தட்டுக்காகவா பிரிச்ச?"

"ஆமா அத்த."

இனி அவனுக்கும் தட்டுக்கும் அந்த வீட்டில் ஆயுசுக்கும் ஒரு பேச்சு இருக்கும். அது அவனுக்குத் தெரியும். இசைவாணி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள், "ஏன்டா?" என்று. அவன் பதில் தேடுவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

சின்னம்மாளுக்கு இன்னும் சந்தேகம்தான். தனக்காக எதற்கு அவர்களிடம் போய் மானத்தை விட வேண்டும் என்று அவனைக் கடிந்துகொண்டாள். கடிந்துகொண்டே, அவன் பையிலிருந்து எடுத்த தட்டை வாங்கக் கையை நீட்டினாள். நீட்டியவள் எதையோ நினைத்த மாதிரி நிறுத்தினாள்.

"சரி, அது நெசம்னே வையி. அன்னிக்கு அத்தன பேருகிட்ட எம் பேரச் சொன்னியே, அப்ப வயரு வுட்டுப்போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அது சத்தியமும்கூட. அவளும் டீயைக் கொடுத்து அனுப்பியிருப்பாள்.

"தெரியாது சித்தி" என்றான். "ஆனா நீ இல்லன்னு தெரியும். மாட்டறதுக்கு முன்னாடியே வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். ஒரு கால்கூட வளையல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

சின்னம்மாள் அவனைப் பார்த்தபடியே நின்றாள். முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் நல்ல புள்ள என்று சொன்ன அவனுடைய சின்ன வயசு மட்டும் அந்த முகத்திலிருந்து எங்கோ போய்விட்டது.

"இப்ப நம்பறேன்" என்றாள்.

அவன் தட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தான். அவள் கைகள் முந்தானைக்குள் போயின. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் போன மாதிரியே போயின, ஆனால் இந்தத் தடவை அவளுக்கு எந்தப் பயமும் இல்லை.

"கீழ வச்சிட்டுப் போப்பா. நான் எடுத்துக்கறேன்."

எழிலன் தட்டைத் தரையில் வைத்தான். டீ டம்ளர் அடுப்பு மேடையிலேயே இருந்தது. அதை எடுத்துக் குடி என்று அவள் சொல்லவில்லை. அவன் செருப்பை மாட்டும்போது, திரும்பிப் போகச் சிதம்பரம் வண்டி இந்நேரத்துக்கு வரும் என்று மட்டும் சொன்னாள்.